காதின் சாட்சியம்

1978இல் யமஹா நிறுவனம் வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காக ஒரு சிறிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. என்எஸ்-10 என்று பெயர். கறுப்புப் பெட்டியில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கூம்பு. வீடுகளில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்தவர்கள் அதை வாங்கித் தங்கள் ஒலிக்கலவை மேசையின் மேல் வைத்துக்கொண்டார்கள். இதில் சரியாகக் கேட்கும்படி ஒரு பாட்டைக் கலந்துவிட்டால் காரிலும் சமையலறை ரேடியோவிலும்கூட அது சரியாகக் கேட்கும் என்பது அவர்களுடைய அனுபவம். அதன் மேல்சுர ஒலிகள் காதைக் குத்துகின்றன என்பதுதான் அவர்களுக்கு இருந்த பெரிய தொல்லை. அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் கழிப்பறைத் தாள். மேல்சுரங்களைத் தரும் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு துண்டு மெல்லிய தாளை ஒட்டித் தொங்கவிட்டார்கள். புகழ்பெற்ற ஒலிக்கலவையாளர் பாப் கிளியர்மவுன்டனின் பெயரோடு சேர்த்து இந்தப் பழக்கம் பேசப்படுவதுண்டு. 1986இல் பாப் ஹோடாஸ் என்ற ஒலிப்பொறியாளர் இந்தத் தாள் விவகாரத்தைக் கருவிகளை வைத்து அளந்து ஒரு கட்டுரையே எழுதினார். 1987இல் யமஹாவே ட்வீட்டரை மாற்றி ஒரு புதிய வடிவத்தை வெளியிட்டது. 2001இல் உற்பத்தி நின்றது. 2008இல் இந்த ஸ்பீக்கருக்காக யமஹாவுக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

வீட்டில் செய்த டிஃப்யூசர்களின் நீண்ட வரலாற்றில் மிகவும் பெயர் பெற்றது இந்தத் தாள்தான். பொழுதுபோக்காக ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒருவர் டேபிள் டென்னிஸ் பந்தை இரண்டாக வெட்டிக் கம்பியில் கட்டி ட்வீட்டருக்கு முன்னால் நிறுத்துகிறார். இன்னொருவர் கம்பளித் துணியை வளையமாக வெட்டி ட்வீட்டரைச் சுற்றி ஒட்டுகிறார். தடித்த அட்டையில் கூம்பு செய்கிறவர் உண்டு, பஞ்சைச் சன்னமாகப் பிரித்து வைக்கிறவர் உண்டு. செலவு சில காசுகள். உழைப்பு இரண்டு மூன்று மாலைகள். முடித்துவிட்டு எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “இப்போதுதான் பாட்டு உயிரோடு கேட்கிறது.” இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. அதைச் சொல்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

முதலில், அவர்கள் செய்வது வெறும் கிறுக்குத்தனம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 34 செ.மீ. நீளம், 10,000 ஹெர்ட்ஸில் அது 3.4 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. ட்வீட்டரின் குவிமாடம் பெரும்பாலும் 25 மி.மீ. அகலம். அலை குவிமாடத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலை சுருங்கச் சுருங்க அது டார்ச் விளக்கின் ஒளிபோல முன்பக்கமாகக் குவியும். அதனால்தான் ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்தவருக்கு ஜால்ரா கூர்மையாகவும், சுவரோரம் உட்கார்ந்தவருக்கு மங்கலாகவும் கேட்கிறது. இந்தக் குவிப்பைக் கலைக்கப் பெரிய ஆய்வுக்கூடங்களும் முயன்றிருக்கின்றன. பெல் ஆய்வகத்தில் வின்ஸ்டன் காக்கும் ஹார்வியும் 1949இலேயே ஒலிக்கான வில்லைகளைப் பற்றி எழுதினார்கள். 2003இல் பேங் அண்ட் ஒலுஃப்சன் நிறுவனம் வெளியிட்ட பியோலேப் 5 ஸ்பீக்கரில் மேல்சுர ஒலியைப் பக்கவாட்டில் விரித்துவிடும் வில்லை இருந்தது. பந்தை வெட்டுகிறவரும் அவர்கள் போன திசையில்தான் போகிறார்.

ஆனால் திசை ஒன்றாக இருந்தால் போதாது. குவிமாடத்துக்கு 1 செ.மீ. முன்னால் ஒரு கடினமான பொருளை நிறுத்தினால், ஒலியின் ஒரு பகுதி அதில் மோதித் திரும்பி, குவிமாடத்தில் மோதி மறுபடி முன்னால் வருகிறது. அது நேரே வந்த ஒலியைவிட 2 செ.மீ. கூடுதலாக நடந்திருக்கும். 4 செ.மீ. நீளமுள்ள அலைக்கு இது சரியாகப் பாதி. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். சுமார் 8,600 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். பொருளைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் பள்ளமும் நகரும். தாளிலும் ஹோடாஸ் இதையே கண்டார். அது மேல்சுரத்தைச் சீராகத் தணிக்கும் திரை மட்டும் அல்ல. சீப்பின் பற்களைப்போல மேடும் பள்ளமுமாக ஒலியை வெட்டவும் செய்கிறது. எந்தத் தாள், எத்தனை அடுக்கு, எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஆக, டிஃப்யூசர் வைத்தால் ஏதோ மாறுகிறது என்பதில் சந்தேகமில்லை. மாறியது மேலாகிவிட்டதா என்பதுதான் கேள்வி.

இங்கே வழக்கின் அமைப்பைப் பாருங்கள். வெட்டியவரும் அவரே, ஒட்டியவரும் அவரே, இப்போது சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் அவரே. வாதி, சாட்சி, நீதிபதி மூவரும் ஒருவர். அவர் பொய்யர் இல்லை. அவருக்கு உண்மையாகவே நன்றாகக் கேட்கிறது. தன் கையால் செய்த பொருளுக்கு மனிதர் கூடுதல் மதிப்புப் போடுவது வெகுகாலமாகத் தெரிந்ததுதான். 2012இல் நார்ட்டன், மோச்சன், ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் அதற்கு ‘ஐக்கியா விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். தாங்கள் மடித்த காகித உருவங்களுக்கு, தேர்ந்த கைகள் மடித்த உருவங்களுக்கு ஈடான விலையை மக்கள் போட்டதாக அவர்கள் எழுதினார்கள். காகிதக் கொக்கைக் கண்ணால் பார்க்கும்போதே இப்படி என்றால், நொடியில் மறைந்துபோகும் ஒலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய ஒலியின் நுட்பம் நினைவில் நெடுநேரம் தங்குவதில்லை. நேற்று மாலை கேட்டதோடு இன்று மாலை கேட்பதை ஒப்பிடுகிறேன் என்பவர், பெரும்பாலும் ஒரு நினைப்போடுதான் ஒப்பிடுகிறார்.

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் வீடுகளில் அடிக்கடி விழும் பழமொழி. அதை நாம் புலன்களுக்கு எதிரான வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தீர விசாரிப்பது எதை வைத்து? நமக்கு மூன்றாவதாக ஓர் உறுப்பு இல்லை. அதே கண்ணையும் அதே காதையும் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். அப்படியானால் விசாரணை என்பது புலன்களைத் தள்ளிவைப்பதாக இருக்க முடியாது. எந்தப் புலனை எப்போது பேசவிடுவது, எதை வாயடைத்து வைப்பது என்ற ஏற்பாடுதான் விசாரணை.

நம் பழைய நூல்களில் இந்த நுணுக்கம் உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி, அறிவு வரும் வழிகள் பத்தை எண்ணிச் சொல்கிறான். அதோடு நில்லாமல் அறிவுபோலத் தோன்றும் எட்டுப் போலிகளையும் சொல்கிறான். அவற்றில் ஐயம் ஒன்று, தேராது தெளிதல் இன்னொன்று. தூரத்தில் நிற்பது தூணா ஆளா என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமலே அது ஆள்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். இரண்டும் போலி அறிவுதான் என்றாலும், ஐயத்தில் இருப்பவன் இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்பான், தெளிந்துவிட்டவன் போகமாட்டான். “என் காதாலேயே கேட்டேன், எனக்குப் போதும்” என்பவர் இந்த இரண்டாவது ஆள்.

கிட்டப் போய்ப் பார்த்தவர்களில் ஃபிலாய்ட் டூல் முக்கியமானவர். 1965 முதல் ஒட்டாவாவில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும், 1991க்குப் பிறகு அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்திலும் ஸ்பீக்கர்களைப் பற்றி ஆராய்ந்தவர். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் ஊழியர்களையே கேட்கவைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதே ஸ்பீக்கர்கள், அதே ஆட்கள். ஒருமுறை ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண் போட்டார்கள். இன்னொருமுறை திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்கள். மதிப்பெண்கள் மாறின. பார்த்துக் கேட்டபோது தங்கள் நிறுவனத்தின் பெரிய, அழகான பெட்டிகள் உயர்ந்தன. திரை விழுந்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. கேட்டுப் பழகிய காதுகளுக்கும் இது நேர்ந்தது. டூலின் பல ஆண்டு வேலையிலிருந்து தெரிந்த இன்னொரு செய்தி இதற்கு நேர்மாறான நம்பிக்கையைத் தருவது: திரைக்குப் பின்னால் கேட்கும்போது வெவ்வேறு மனிதர்களின் விருப்பங்கள் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. காது அப்படியொன்றும் நம்பத்தகாதது இல்லை.

திரைச் சோதனையைப் பற்றி ஒரு வழக்கமான குற்றச்சாட்டு உண்டு. அது காதை அவமதிக்கிறது, ரசிகனை ஆய்வுக்கூட எலியாக்குகிறது என்பார்கள். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. திரை எதை மறைக்கிறது? பெட்டியின் பளபளப்பை, விலைச்சீட்டை, நம் கைகளின் உழைப்பை. காதை அது மறைக்கவில்லை. காதைத் தவிர மற்றெல்லாரையும் நீதிமன்றத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு, காதிடம் “இப்போது நீ சொல்” என்கிறது. “காதை நம்புகிறேன்” என்று சொல்லிவிட்டுத் திரையை மறுப்பவர் உண்மையில் காதை நம்பவில்லை. காது தனியாகப் பேசினால் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிறார்.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். கருவி வேண்டாம், பொறுமையுள்ள ஓர் ஆள் போதும். ஒலி ஊடுருவும் மெல்லிய துணியை ஸ்பீக்கருக்கு முன்னால் கட்ட வேண்டும். உதவியாளர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் டிஃப்யூசரை வைக்கிறார், தலை விழுந்தால் எடுக்கிறார். வைத்தாலும் எடுத்தாலும் ஒரே அசைவு, ஒரே நேரம், பேச்சில்லை. சத்தத்தின் அளவு மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதைக் காது மேலானது என்று எடுத்துக்கொள்ளும். இப்படி 16 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 100க்கு 4க்கும் குறைவு. ஒரு மாலை போதும். இருந்தும் டிஃப்யூசர் செய்ய மூன்று மாலைகள் செலவழித்தவர்களில் இந்த நான்காவது மாலையைச் செலவழிப்பவர்கள் மிகச் சிலரே.

நான் இதைத் தாளை வைத்துச் செய்து பார்த்திருக்கிறேன். ஓர் அடுக்குத் தாள் இருக்கிறதா இல்லையா என்பதை பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிந்தது. அது ஆச்சரியமில்லை. அடுத்த கேள்வியில்தான் வழக்கு சிக்கலானது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த நாதஸ்வரப் பதிவைப் போட்டபோது, தாள் இருந்த பக்கமே ஒவ்வொரு முறையும் பிடித்தது. இரைச்சல் அடங்கி வாத்தியம் முன்னே வந்தது. அண்மைக்காலத்து வயலின் பதிவைப் போட்டபோது தாள் இல்லாத பக்கமே பிடித்தது. தாள் இருந்தபோது வில்லில் ஓடும் காற்று செத்துவிட்டது. வேறுபாட்டைக் காது கண்டுபிடித்துவிட்டது. எது மேல் என்று கேட்டால், எந்தப் பாட்டுக்கு என்று திருப்பிக் கேட்கிறது. டூல் இதைக் குழப்பத்தின் வட்டம் என்று சொல்வார். பதிவைச் செய்தவர் ஒரு ஸ்பீக்கரில் கேட்டு அதற்கேற்பப் பதிவைத் திருத்தினார். நாம் அந்தப் பதிவை வைத்து நம் ஸ்பீக்கரை எடைபோடுகிறோம். அந்த ஸ்பீக்கரை வைத்து மறுபடி பதிவுகளை எடைபோடுகிறோம். என்எஸ்-10இன் முன்னால் தாளைத் தொங்கவிட்டுக் கலந்த பாட்டுகளை, தாள் இல்லாத ஸ்பீக்கர்களில்தானே உலகம் கேட்டது.

இங்கே ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். “ஒலியைக் கையால் திருத்துவது பாவமா? தம்புராவின் தந்திக்கும் பாலத்துக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்தி ஜீவா வரவழைக்கிறோம். மிருதங்கத்தின் வலந்தலையில் குச்சி வைக்கிறோம், தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறோம். யாரும் திரை கட்டி 16 முறை சோதித்துப் பார்ப்பதில்லை. நூலுக்கு ஒரு நியாயம், தாளுக்கு ஒரு நியாயமா?”

ஆம், இரண்டு நியாயம்தான். தம்புரா வாத்தியம். அதன் வேலை ஒலியைப் பிறப்பிப்பது. நூலை நகர்த்துகிறவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை; நூல் இருக்கும்போது கேட்பதுதான் தம்புராவின் நாதம். ஸ்பீக்கரின் வேலை வேறு. வேறொரு நாளில், வேறோர் இடத்தில் நடந்ததை அது நமக்கு வந்து சொல்கிறது. வாத்தியத்திடம் நாம் அழகைக் கேட்கலாம். சாட்சியிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. டிஃப்யூசர் வைத்து ஒலியை இனிமையாக்குகிறவர், தான் அறியாமலே ஸ்பீக்கரைச் சாட்சிக்கூண்டிலிருந்து இறக்கி மேடையில் ஏற்றிவிடுகிறார். மேடையில் ஏற்றுவது தவறில்லை. ஏற்றிய பிறகும் அதைச் சாட்சி என்று அழைப்பதில்தான் பிசகு இருக்கிறது. அழகாகப் பாடும் சாட்சியை யாருக்கும் பிடிக்கும். அவன் சொல்லை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இது வெறும் ரசனை விவகாரம்தானே, இதில் அறத்துக்கு என்ன இடம் என்று தோன்றலாம். 1970களிலும் 80களிலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கு ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அந்தக் கேசட்டுகள் சில வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. பேசியவர்கள் பலர் இல்லை. ஒரு பாட்டி பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பல் ஒன்று போய்விட்டதால் அவளுடைய ‘ச’வில் ஒரு சின்ன சீழ்க்கை கலந்து வரும். அந்தச் சீழ்க்கை வாழும் இடம் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, ட்வீட்டரின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. கேசட்டின் இரைச்சலும் அங்கேதான் இருக்கிறது. தாளைத் தொங்கவிட்டால் இரைச்சல் குறையும், குரல் மெத்தென்று ஆகும், கேட்க இதமாக இருக்கும். சீழ்க்கையும் போய்விடும். அந்தப் பல்லில்லாத இடத்தை எந்தப் புகைப்படமும் பிடித்திருக்காது, ஏனென்றால் புகைப்படத்துக்கு அவள் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருப்பாள். பேரன் தாளோடு கேட்கலாம். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தப் பாட்டியைப் பார்த்திராத தன் மகளைக் கூப்பிட்டு, “பார், உன் கொள்ளுப்பாட்டி இப்படித்தான் பேசுவாள்” என்று சொல்லும்போது அந்தத் தாளுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அதே ஒலி, அதே அறை. வாக்கியம்தான் மாறியிருக்கிறது. ‘எனக்கு’ என்பது போய் ‘இது’ வந்துவிட்டது.

“எனக்கு இப்படிப் பிடித்திருக்கிறது” என்ற வாக்கியத்துக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. அதை யாரும் மறுக்கவும் முடியாது. “இது மேலானது”, “இதுதான் உண்மையான ஒலி” என்ற வாக்கியங்கள் வேறு சாதி. அவை இன்னொருவரின் காதையும் ஈடாக வைத்துப் பேசுபவை. அவற்றைச் சொல்கிறவருக்கு அந்த நான்காவது மாலை கடனாகிறது. முதல் வாக்கியத்தின் உறுதியை எடுத்து இரண்டாவது வாக்கியத்தில் ஒட்டவைப்பதுதான் நாம் எல்லாத் துறையிலும் செய்யும் வேலை. மருந்து, சாமியார், அரசியல், ஊர்ச்சண்டை என்று எங்கும் “நானே அனுபவித்தேன்” என்பது “ஆகவே அது உண்மை” என்று ஒரே மூச்சில் முடிகிறது. அனுபவித்தது பொய்யில்லை. ‘ஆகவே’தான் சரியில்லை.

கழிப்பறைத் தாளைத் தொங்கவிட்ட பொறியாளர்களிடம் நான் மதிப்பது இதைத்தான். அவர்கள் தாளைப் பற்றித் தத்துவம் எதுவும் பேசவில்லை. ஆனால் அவர்களுடைய தீர்ப்பு அவர்களுடைய அறைக்குள் முடிந்துவிடவில்லை. கலந்த பாட்டு வெளியே போனது. முன்பின் தெரியாதவர்களின் கார்களிலும் சமையலறைகளிலும் அது நின்றதா விழுந்ததா என்பதுதான் தாளுக்குக் கிடைத்த மதிப்பெண். அவர்களுடைய காதுக்கு வெளியே ஒரு நீதிமன்றம் இருந்தது, அதன் தீர்ப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு அப்படியொரு நீதிமன்றம் தானாக அமைவதில்லை. ஒரு துணி, ஒரு நாணயம், பொறுமையுள்ள ஒரு துணை ஆகியவற்றை வைத்து அவர்தான் அதை அமைத்துக்கொள்ள வேண்டும்.

தோற்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய அனுகூலம். வெட்டிய பந்து வீணாகும், அவ்வளவுதான். நம் உறுதிகளைச் சோதித்துப் பார்க்க இதைவிடச் செலவு குறைந்த இடம் வாழ்க்கையில் அதிகம் கிடைக்காது. நம்பிக்கைகள் குடும்பத்தையும் பணத்தையும் உயிரையும் தொடும் இடங்களில் திரை கட்டுவதும் நாணயம் சுண்டுவதும் எளிதல்ல; அங்கே விசாரிக்கிற பழக்கம் திடீரென்று வந்துவிடாது. 8,600 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டுப் பழகியவருக்கு, “இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இது உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது” என்ற வாக்கியத்தை இன்னோர் இடத்தில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.